ஒன்பது முகம், ஒரு விண்ணப்பம்

எங்கள் கோலார் தங்க வயலில் ஒப்படைப்பு வாரியம் என்று ஒன்று இருந்தது. சுரங்கம் மூடிய பிறகும், கம்பெனி தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளிலேயே தங்கிவிட்ட குடும்பங்களுக்கு, அந்த வீடுகளை அவரவர் பெயரில் எழுதிக் கொடுப்பதற்காகப் பதினோரு வருடங்களுக்கு முன்னால் தொடங்கிய வாரியம். இந்தப் பதினோரு வருடத்தில் அது ஒப்படைத்தது ஒன்றே ஒன்றுதான்: பழைய தலைவர் புதிய தலைவரிடம் ஆபீஸ் சாவியை ஒப்படைத்தார். குறை சொல்லக் கூடாது, அதையும் மேடை போட்டு, சால்வை போர்த்தி, முறையாகத்தான் செய்தார்கள்.

இந்த வருடம் பெங்களூரிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள், வெப் பேஜ் வழியாக மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்த வீட்டுக்குப் பத்திரம் உண்டு. விண்ணப்பிக்காத வீட்டை ஆளில்லாத வீடு என்று குறித்துப் பூட்டிவிடுவார்கள். மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வீடுகள். அதில் ஒன்று என்னுடையது. ஆகவே இந்தக் கதையை நான் நடுநிலையோடு சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

பேஜ் செய்வதற்கு எல்வினைப் பிடித்தார்கள். எங்கள் நந்திதுர்க் லைனில் என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. ஆறு வருடம் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் கம்பெனி ஒன்றில் வெப் பேஜ் செய்துகொண்டிருந்தவன். கம்பெனி ஆளைக் குறைத்தது, குறைந்த ஆட்களில் இவனும் ஒருவன். வாரியத்தில் மூன்று மாதத் தற்காலிக வேலை என்றதும் ஒத்துக்கொண்டான். அவன் மனைவி ஜெனிட்டா, ராபர்ட்சன்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"வேலைக்காக ஒத்துக்க வேணாம்," என்று அவள் சொல்லியிருந்தாள். "அந்தப் பேஜ் சரியா வரணும்றதுக்காக ஒத்துக்கோ. இந்த வீடு போச்சின்னா நாம இன்னா, ரயில்லயா குடும்பம் நடத்தறது?"

எல்வின் அதை மனதில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை ஒரே நாளில் முடித்தான். ஏழு கேள்விகள். வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், மின் இணைப்பு உண்டா இல்லையா, இப்படி. பெரிய எழுத்து, வெள்ளைப் பின்னணி, கீழே 'அனுப்பு' என்று ஒரு பொத்தான். ஓர் அரசு சார்ந்த வேலையை ஒரே நாளில் முடித்ததுதான் அவன் செய்த முதல் தவறு.

ஆண்டர்சன்பேட்டை ஆபீசில் வாரியம் கூடியது. ஒன்பது உறுப்பினர்கள். தலைவர் முனிரத்தினம் திரையை மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இன்னாப்பா இது, மொட்டையா கீது?"

"இதான் சார் விண்ணப்பம். ஏழு கேள்வி."

"கேள்வி கீது. நாங்க எங்க?"

எங்கள் ஊரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமோ காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, எதுவானாலும் ஃப்ளெக்ஸ் பேனர் உண்டு. நடுவில் உரியவர் படம். சுற்றிலும் கரை கட்டியதுபோல வாழ்த்துவோரின் தலைகள். தலைகள் அதிகமாக அதிகமாக நடு சுருங்கும். போன மாதம் ஒரு மஞ்சள்நீராட்டு பேனரில் பெண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் முதல் பந்தி முடிந்துவிட்டது. ஆகவே தலைவர் கேட்டது எங்கள் ஊர் முறைப்படி நியாயமான கேள்விதான்.

தலைவர் எழுந்து நின்று பேசினார். "சுத்தி பார்டர் இல்லாத தாளு துண்டுச் சீட்டுப்பா. ஜனங்களுக்கு வீடு கெடைக்குதா இல்லையான்றது அப்பால. குடுக்கறது யாருன்னு மொதல்ல தெரியணும். குடுக்கறவன் மூஞ்சி தெரியாம வீடு குடுத்தா, அவன் வாட்டுக்கு வாங்கினு போயிடுவான்."

எல்லோரும் கை தட்டினார்கள். எல்வின் நல்ல பையன். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தெரிந்ததைச் சொல்லிவிடுகிற வியாதி அவனுக்கு.

"படத்தையே பார்டரா போடலாம் சார். ஒரே படம் போதும். அத்த கம்ப்யூட்டரு குறுக்க ரெண்டு வெட்டு, நெடுக்க ரெண்டு வெட்டு வெட்டும். ஒன்பது துண்டாவும். மூலைத் துண்டு நாலும் நாலு மூலைக்குப் போயிடும். பக்கத் துண்டு நாலும் நாலு பக்கத்துல வரிசையா..."

"ஒன்பதா?" என்றார் செயலாளர் ஹரோல்ட்.

உறுப்பினர்கள் தங்களை ஒருமுறை எண்ணிக்கொண்டார்கள். ஒன்பதுதான்.

"கம்ப்யூட்டர கண்டுபிடிச்சவனுக்கே நம்ம வாரியத்தப் பத்தித் தெரிஞ்சிருக்குது," என்றார் ஹரோல்ட், எழுந்து நின்று. ஒன்பதாவது துண்டு என்ன ஆகும் என்று எல்வின் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் காபி வந்துவிட்டது.

மூன்று வரிசையில் மூன்று மூன்று பேராக நிற்க வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இரண்டு வாரம் ஆனது. ஏனென்றால் எங்கள் ஊரில் மரியாதை ஆழத்திலிருந்து வருவது. யாருடைய அப்பா சுரங்கத்துக்குள் எத்தனையாவது ஆழத்தில், அதாவது லெவலில், வேலை செய்தார் என்பதுதான் கேள்வி. ஹரோல்டின் அப்பா தொண்ணூறாவது லெவல். ஆகவே தான் மேல் வரிசையில் நிற்க வேண்டும் என்றார் ஹரோல்ட். பொருளாளர் பாபுவின் அப்பா நாற்பதாவது லெவல். தொண்ணூறு நாற்பதுக்குக் கீழேதானே இருக்கிறது, ஆகவே ஹரோல்ட் கீழ் வரிசைக்குத்தான் போக வேண்டும் என்றார் பாபு. ஆட்களை இறக்கும் கேஜில் முதலில் இறங்கியவர் மகன் முதலில் என்று ஒருவர், கடைசியாக ஏறி வந்தவர் மகன் முதலில் என்று இன்னொருவர். போட்டோக்காரர் தினமும் வந்து, கேமராவை எடுத்து, துடைத்து, உள்ளே வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் முடித்து வைத்தது வினோலியா அம்மா, வாரியத்தின் ஒரே பெண் உறுப்பினர். "எங்கப்பா டைம் ஆபீசு. அவரு பேரு எழுதலைன்னா உங்கப்பாங்க ஒருத்தரும் உள்ளயே போயிருக்க முடியாது. எல்லாரும் வாயை மூடினு நில்லுங்க." அவர் இடது பக்கம் நின்றார். ஹரோல்ட் வலது பக்கம், பாபு மேலே நடுவில். மீதிப் பேர் மூலைகளிலும் கீழேயும். தலைவர் நட்டநடுவில். அதில் மட்டும் யாருக்கும் தகராறு இல்லை.

எல்வின் படத்தைப் போட்டுக் காட்டினான். விண்ணப்பத்தைச் சுற்றி முகக் கரை அழகாக வந்திருந்தது. மேலே பாபு வரிசையாகச் சிரித்தார். இடது பக்கம் முழுக்க வினோலியா அம்மா, வலது பக்கம் முழுக்க ஹரோல்ட். எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். தலைவர் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை.

"நான் எங்கப்பா?"

"நடுத்துண்ட கம்ப்யூட்டரு வுட்டுடும் சார். அது பார்டர் இல்லல்ல? நடுவுல விண்ணப்பம் வரணும்."

"என்னைத் தூக்கிட்டு அங்க விண்ணப்பத்த வெச்சியா?"

தலைவர் எங்கே போனார் என்று கண்டறிய மூவர் குழு அமைக்கப்பட்டது. குழுவுக்குத் தலைவரே தலைமை தாங்கினார். நாலு நாள் விசாரித்துப் பதினான்கு பக்க அறிக்கை கொடுத்தார்கள். 'தலைவர் நடுவில் நின்றார் என்பதற்கு எட்டு சாட்சிகள் உள்ளன. நடு எங்கே போனது என்பதற்குச் சாட்சி இல்லை' என்பது அதன் முடிவு. அறிக்கை பேஜில் வெளியிடப்பட்டது. விண்ணப்பம் இன்னும் வெளியிடப்படவில்லை.

நடுத்துண்டை வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரே ஒரு சொல் எழுதினால் போதும், எல்வின் எழுதினான். தலைவர் வந்தார். சாதாரணமாக வரவில்லை, விண்ணப்பத்தின் பின்னால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை முகமாக விரிந்து வந்தார். வீட்டு எண் அவர் நெற்றியில் விழுந்தது. குடும்பத் தலைவர் பெயர் மீசைக்குள் போய்விட்டது. மின் இணைப்பு உண்டு, இல்லை என்ற இரண்டு கட்டங்களும் இரண்டு கண்களில் போய் அமர்ந்துகொண்டன.

"எழுத்து தெரியல சார்," என்றான் எல்வின்.

"தெரிய வேணாம். ஜனங்க என் கண்ணைப் பார்த்து பதில் சொல்லட்டும். பொய் வராது."

அதன் பிறகு பாபு. அவர் தன்னை எண்ணிப் பார்த்திருந்தார். மேல் விளிம்பில் பதினொன்றரை பாபு இருந்தார்கள். "அந்த அரை ஆளு யாருப்பா? மீதி அரைய எங்க வெச்ச?" என்று கேட்டார். எல்வின் இழுத்து நிரப்பும் முறைக்கு மாற்றினான். ஒரே ஒரு பாபு ஆனார். ஆனால் ஆண்டர்சன்பேட்டையில் தொடங்கிய சிரிப்பு ராபர்ட்சன்பேட்டையில் போய்த்தான் முடிந்தது. பாபு வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு ஒரு வேளை சாப்பிடவில்லையாம். கடைசியில் அளவைக் கொஞ்சம் சுருக்கி முழு எண்ணாக வருகிற முறையைப் போட்டான். பன்னிரண்டு பாபு, சேதாரம் இல்லாமல் வந்தார்கள்.

உடனே மூலைக்காரர்கள் நாலு பேரும் கிளம்பினார்கள். அவனுக்குப் பன்னிரண்டு, எங்களுக்கு ஆளுக்கு ஒன்றா என்று. "மூலைல இருக்கறவங்க நிரந்தரமானவங்க சார்," என்றான் எல்வின், அதற்குள் அவனுக்கும் ஆபீஸ் பேச்சு வந்திருந்தது. "பேஜ் எவ்ளோ பெருசானாலும் அவங்க எடம் மாறவே மாறாது." இதை அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் நாலு பேரும் நிரந்தரப் பதவி கேட்டு மனு கொடுத்தார்கள்.

தேதி மார்ச் பதினெட்டு ஆகிவிட்டது. அப்போது ஹரோல்ட் ஒரு விதியைக் கண்டுபிடித்தார்: அரசு ஆவணத்தில் வரும் முகம் பாஸ்போர்ட் அளவுக்குக் குறையக் கூடாது. மூன்றரை சென்டிமீட்டர் அகலம். கம்ப்யூட்டரில் சரி. எங்கள் லைனில் யாரிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது? எல்லோரிடமும் இருப்பது போன். போனின் அகலம் ஏழு சென்டிமீட்டரும் ஒரு நூலும். இடது பக்கம் வினோலியா அம்மா மூன்றரை, வலது பக்கம் ஹரோல்ட் மூன்றரை. மிச்சமிருந்த அந்த ஒரு நூலில்தான் தலைவரும் விண்ணப்பமும் ஓடினார்கள்.

வரிக்கு ஓர் எழுத்து. 'வீட்டு எண்' என்பது ஐந்து வரி. விண்ணப்பம் சுரங்க ஷாஃப்டில் இறங்குகிற கேஜ் கயிறு மாதிரி கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. நீளம் கூடக் கூடப் பக்கத்து முகங்களும் கூடின. கடைசிக் கேள்வியை அடைவதற்குள் நானூற்றுப் பத்து வினோலியா அம்மா, நானூற்றுப் பத்து ஹரோல்ட். இதற்குத்தான் இருபதாம் தேதி நாதஸ்வரம் வைத்துத் திறப்பு விழா நடத்தினார்கள். கம்ப்யூட்டர் திரைக்குக் குறுக்கே ரிப்பன் கட்டி, தலைவர் வெட்டினார். கத்திரி பட்டுத் திரையில் ஒரு கீறல் விழுந்தது, நல்ல வேளையாக அது பாபு மேல்.

பக்கத்து வீட்டு ஜெயம்மா பெங்களூர் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவள். மாரிக்குப்பத்தில் ரயில் ஏறியதும் விரலால் தள்ள ஆரம்பித்தாள். பெங்களூரில் இறங்கும்போது இரண்டாவது கேள்வியின் பாதியில் இருந்தாள்.

"இன்னா எல்வினு இது," என்றாள் திரும்பி வந்ததும். "தள்ளத் தள்ள வினோலியாம்மாவே வந்துகினு கீது. நடுவுல இன்னாமோ கறுப்பா ஒரு கோடு ஓடுது, போன் ஒடஞ்சிபோச்சா?"

"அது தலைவரு, அக்கா."

இருபத்தைந்தாம் தேதி வரை வந்த விண்ணப்பங்கள்: பூஜ்யம். வாரியம் கூடியது. உள்ளூர் நிருபர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். தலைவர் தெளிவாகப் பேசினார்.

"ஒரு விண்ணப்பம் வரல. இதுலேருந்து இன்னா தெரியுது? ஜனங்க திருப்தியா கீறாங்க. குறை இருந்தா கேட்டிருப்பாங்கல்ல? எந்த ஊர்லயாவது பூஜ்யம் விண்ணப்பம் வாங்கின வாரியம் கீதா? காட்டுங்க பார்க்கலாம்."

நிருபர்கள் போன பிறகு ஹரோல்ட் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு யோசிங்க. வீட்டையெல்லாம் குடுத்துட்டா நாம இன்னா பண்றது? ஆயிரத்து எண்ணூத்தி நாப்பதையும் ஆளில்லாத வீடுன்னு எழுதிட்டா, பூட்டறது, தொறக்கறது, சுத்திப் பாக்கறதுன்னு இன்னும் இருபது வருஷத்துக்கு நமக்கு வேலை கீது."

மூலையில் நின்றிருந்த எல்வின் முன்னால் வந்தான். "ஆளில்லாத வீடா சார்? இன்னிக்குக் காலைல அங்கதான் சார் நான் இட்லி சாப்ட்டேன்."

"சாப்புடு, யாரு வேணான்னது? ரெக்கார்டுல நீ இல்ல," என்றார் ஹரோல்ட், அன்பாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து எல்வின் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டான். ஆறு நாள் இருந்தது. ஊரையே தெருவில் நிறுத்தப் போகிற பேஜ் தன் கையால் செய்தது என்பதுதான் அவனைத் தின்றது. ஜெனிட்டா முழுவதையும் கேட்டாள்.

"அந்த மூஞ்சிங்கள தூக்கேன்."

"தூக்கினா என்னைத் தூக்கிடுவாங்க. புது ஆளு வந்து இன்னும் பெருசா போடுவான்."

"அப்ப தூக்காத, கெடந்துட்டுப் போவுது. எங்க ஆஸ்பத்திரி கதவு எங்க தள்ளினாலும் தொறக்குதுல்ல? அந்த மாதிரி மூஞ்சில எங்க தொட்டாலும் உள்ள போறமாதிரி பண்ண முடியாதா?"

எல்வின் அவளைப் பார்த்தான். முடியும். கரையும் பேஜின் பாகம்தான். அதைத் தொட்டால் தொட்டது தொட்டதுதான். ஆறு வருடம் இந்த வேலை செய்தவனுக்குத் தோன்றாதது, ஊசி போடுகிறவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை மாற்றிவிட்டான். எந்த முகத்தைத் தொட்டாலும் முகமெல்லாம் விலகி, அந்தப் பழைய வெள்ளை விண்ணப்பம் திரை முழுக்கத் திறந்தது. ஏழு கேள்வி, மூன்று நிமிடம், அனுப்பு. ஆனால் உள்ளே என்ன திறக்கிறது என்று வாரியத்திடம் அவன் சொல்லவில்லை. "எந்த உறுப்பினருக்கு ஜனங்ககிட்ட எவ்ளோ செல்வாக்குன்னு எண்ணிக் காட்டறேன் சார், யாரு முகத்த எத்தினி பேரு தொடறாங்கன்னு," என்று மட்டும் சொன்னான். ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஊழியர்கள் கடைசியில்தான் தொட வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்தார்கள்.

முதல் நாள் முடிவு: ஹரோல்ட் நாற்பத்தொன்று, வினோலியா அம்மா பதினேழு, பாபு ஒன்று, தலைவர் பூஜ்யம்.

"எனக்கு ஏம்பா பூஜ்யம்?"

"நீங்க நடுவுல நூலா ஓடறீங்க சார். வலது கைக் கட்டைவெரலு நேரா ஹரோல்ட் சார் மேல போய் படுது."

மறுநாள் காலையிலேயே ஆட்டோவில் மைக் கட்டிவிட்டார் தலைவர். "நடுவில் நூலாக ஓடுவது உங்கள் தலைவர்! நூலைத் தொடுங்கள்! ஓரத்தைத் தொட்டு ஏமாறாதீர்கள்!" ஹரோல்ட் ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம் பார்த்து சர்ச் வாசலில் நின்று ஒவ்வொருவர் கட்டைவிரலையும் பிடித்துக் குலுக்கினார். வினோலியா அம்மா இடது கைப் பழக்கம் உள்ளவர்களின் பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். மூலைக்காரர்கள், போன் இல்லாதவர்களைத் தேடிப் போய்த் தங்கள் போனையே கையில் கொடுத்து விரலைப் பிடித்துத் தங்கள் மூக்கில் வைத்துக்கொண்டார்கள். உள்ளே இருப்பதை அனுப்பினால்தான் தொட்டது கணக்கில் ஏறும் என்று எல்வின் சொல்லியிருந்ததால், ஏழு கேள்வியையும் பக்கத்தில் நின்று நிரப்ப வைத்தார்கள். பதினோரு வருடமாக லைன் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள். எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எந்தக் கூரையில் தகரம் இல்லை என்று அந்த ஐந்து நாளில்தான் தெரிந்துகொண்டார்கள். தெரிந்துகொண்டதோடு சரி.

என் வீட்டுக்கு மட்டும் நாலு பேர் வந்தார்கள். தலைவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். மனது கேட்கவில்லை, அவரையே தொட்டேன். ஊசி கோர்ப்பதைப்போல இரண்டு தடவை குறி தவறி மூன்றாம் தடவைதான் பட்டது. விண்ணப்பம் திறந்தது. வீட்டு எண்ணை எழுதிவிட்டு, சொன்னால் சிரிப்பீர்கள், வாசலுக்குப் போய்க் கதவில் இருக்கிற எண்ணோடு சரிபார்த்தேன்.

முப்பத்தொன்றாம் தேதி காலை பதினொன்றே முக்கால். ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்பது வீடுகள் முடிந்திருந்தன. தலைவர் அறுநூற்று நாற்பத்திரண்டு, ஹரோல்ட் அறுநூற்று நாற்பத்திரண்டு. பாபு முப்பது, எல்லோருக்கும் கடைசி. மீதி இருந்தது ஒரே வீடு, ஊழியர் என்பதால் கடைசியில் நிறுத்தப்பட்ட எல்வின் வீடு.

அவன் நாற்காலிக்குப் பின்னால் ஒன்பது பேரும் நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே நாங்கள் நின்றோம்.

"எல்வினு," என்றார் தலைவர் மெதுவாக. "பத்திரத்துல கையெழுத்து போடறது யாரு?"

"நீங்க சார்."

"சீலு யாருகிட்ட கீது?" என்றார் ஹரோல்ட், இன்னும் மெதுவாக.

"உங்ககிட்ட சார்."

"சொல்ப யோசிச்சித் தொடு," என்றார்கள் இருவரும்.

எல்வின் போனை எடுத்தான், வைத்தான். ஹரோல்டைத் தொட்டால் கையெழுத்து இல்லை. தலைவரைத் தொட்டால் சீல் இல்லை. எங்கள் வீடுகளெல்லாம் உள்ளே போய்விட்டன, எங்களை உள்ளே விட்டவன் வீடு மட்டும் இரண்டு மூக்குக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. பதினொன்று ஐம்பத்தாறு. வியர்வையில் போன் வழுக்கியது.

அப்போதுதான் ட்யூட்டி முடிந்து யூனிபார்மோடு ஜெனிட்டா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னும் போடலியா?"

"யாரத் தொடறதுன்னு தெரியல."

"குடு இப்படி." போனைப் பிடுங்கினாள். ஒன்பது பேரையும் ஒரு சுற்று பார்த்தாள், வார்டில் காய்ச்சல் பார்ப்பதுபோல. "இருக்கறது ரெண்டு ரூம்பு. அதுக்குப் போயி இன்னா ஆட்டம் ஆடறீங்க நீங்க!" என்று சொல்லிக்கொண்டே மேல் விளிம்பில், இரண்டு மூலைக்கு நடுவே போனில் நூலாக நசுங்கி நின்ற பாபுவின் நெற்றியில், பளிச்சென்று ஒரு குத்து குத்தினாள். விண்ணப்பம் திறந்தது. ஏழு கேள்விக்கும் நின்றபடியே பதில் போட்டு அனுப்பினாள். மணி பன்னிரண்டு.

பாபு முப்பத்தொன்று. அவர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "என்ன நம்பி ஒரு குடும்பம்," என்றார்.

தலைவரும் ஹரோல்டும் அறுநூற்று நாற்பத்திரண்டிலேயே நின்றார்கள். யாரும் ஜெயிக்கவில்லை. இது போங்கு என்றார் ஹரோல்ட், இது சதி என்றார் தலைவர். பதினோரு வருடத்தில் முதல்முறையாக இருவரும் ஒரே குரலில், "எல்லாத்தையும் ரத்து பண்ணு!" என்றார்கள்.

எல்வின் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பண்ணிடலாம் சார். பண்ணா உங்களுக்கும் பூஜ்யம், அவருக்கும் பூஜ்யம், பாபு சாருக்கும் பூஜ்யம். மூணு பேரும் சமம்னு பேஜ்ல வந்துடும்."

"பாபுவும் நானும் சமமா?" என்றார் தலைவர்.

"பத்திரம் கையெழுத்தாயி சீலு வுழுந்துட்டா அந்த எண்ணிக்கை அப்பிடியே நின்னுடும் சார். யாராலயும் மாத்த முடியாது."

அப்படி ஒரு விதி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எல்வினுக்கும் தெரியாது. விதிப் புத்தகத்தைப் படித்தவர்கள் அந்த அறையில் யாரும் இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். தலைவர் பேனாவைத் திறந்தார். தன்னைத் தொட்டவர்களின் பத்திரங்களை முதலில் கொண்டுவரச் சொல்லி மளமளவென்று போட ஆரம்பித்தார். ஹரோல்ட் தன்னுடையவை நிலுவையில் நின்றுவிடுமோ என்று பதறி அவருக்கு முன்னால் தன் கட்டைத் தள்ளினார். அவர் சீல் குத்தாவிட்டால் இவர் கையெழுத்து வீண். இவர் கையெழுத்து போடாவிட்டால் அவர் சீல் வீண். ஆகவே ஒருவர் கட்டை ஒருவர் முடித்துக் கொடுத்தே தீர வேண்டியிருந்தது. மற்ற ஏழு பேரும் ஷிஃப்ட் போட்டுத் தாள் நகர்த்தினார்கள். மாலை நாலரைக்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பதும் முடிந்தது. பத்திரங்களை அச்சடித்த எல்வின் அவற்றில் முகம் எதுவும் போடவில்லை. முகம் இல்லாத தாள் என்பதால் யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

ஜெனிட்டா தன் பத்திரத்தை வாங்கி, எல்வின், ஜெனிட்டா என்ற இரண்டு பெயரையும் விரல் வைத்துப் படித்தாள்.

"இத்த யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

அவள் ஆபீஸ் படியில் உட்கார்ந்து முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள். நானும் அழுதேன். ஜெயம்மா என் சட்டையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் அப்பா அந்த வீட்டில் நாற்பது வருடம் இருந்தார், ஒரு நாளும் அது அவருடையது இல்லை. இப்போது என்னுடையது. இதைப் பெருமையாகச் சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லை.

பத்து நாள் கழித்துப் பெங்களூரிலிருந்து வாரியத்துக்கு ஒரு கடிதம் வந்தது. தலைவர் பிரித்தார். 'தங்கள் பணியைப் பாராட்டுகிறோம்' என்ற முதல் வரியைப் பார்த்ததும் மடித்து எல்வினிடம் கொடுத்தார்.

"பேஜ்ல போடுப்பா. மொத்தக் கடிதத்தையும் போடு. பார்டர் சரியா வரணும்."

எல்வின் படித்தான். இரண்டே வரி. இரண்டாவது வரியை இன்னொரு தடவை படித்தான். "சார், இத்த நீங்க முழுசா ஒருவாட்டி..."

"போடு ராஜா, அப்பால பேசிக்கலாம்."

போட்டான். ஒன்பது பேரும் கம்ப்யூட்டரைச் சுற்றி வந்து நின்றார்கள். பாபு தன்னை எண்ணினார், பன்னிரண்டு முழுசாக இருந்தார்கள். வினோலியா அம்மா தன் பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஹரோல்ட் ஸ்கேல் வைத்து அளந்தார், மூன்றரை. மூலைக்காரர்கள் மூலையில் இருந்தார்கள். நடுவில் தலைவர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை விரிந்திருந்தார். 'வீடுகள் அனைத்தும் ஒப்படைக்கப்பட்டுவிட்டதால் இன்று முதல் வாரியம் கலைக்கப்படுகிறது' என்ற வரி, நல்ல கொட்டை எழுத்தில், அவர் மூக்குக்கும் மீசைக்கும் நடுவே தெளிவாக இருந்தது.

"இப்பத்தாம்பா பேஜ் நெறைவா கீது," என்றார் தலைவர்.